ஆலைச் சிறார் உறைந்த மனைகள்: மீட்டமைப்பும் மும்பைச் சால்களும்

பழங்கட்டடம் ஒன்றைப் பழுது நீக்கிச் செம்மை செய்வதைக் குறிக்கத் தமிழில் நெடுங்காலமாக வழங்கிவரும் சொல் ‘திருப்பணி’ என்பதாகும். கோபுரத்தில் வேர்விட்ட அரசங்கன்றை அகற்றுதல், சிதைந்த சுதையுருவங்களைச் சீராக்குதல், வண்ணம் தீட்டுதல், நிறைவில் குடமுழுக்காட்டுதல் ஆகிய அனைத்தும் அச்சொல்லுள் அடங்கும். திருப்பணியின் உட்கிடை புதுமையே. இறைவன் உறையும் இடத்தில் முதுமையின் தடம் தெரிதல் ஆகாது என்னும் எண்ணமே அதனை இயக்குகிறது. பஞ்சாலைகளில் சிறுவர் உழைத்த காலத்தில் அச்சிறுவர் உறங்கியெழுந்த மனை ஒன்றையும் இவ்வாறு புதுக்கலாமா? புதுக்கிய பின்னர் அம்மனை எதற்குச் சான்றாக நிற்கும்? இவ்வினாக்களை மும்பை மாநகரின் ஆலைப்பகுதியை முன்னிறுத்தி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். மும்பையில் நேர்நிகரான மனை இல்லாமையால், இங்கிலாந்தில் செசயர் மாவட்டத்து ஸ்டையல் சிற்றூரிலுள்ள பயிலுநர் இல்லம் ஒப்பீட்டுக்கு முதற்கண் எடுத்துக்கொள்ளப்படுகிறது.

கலைச்சொல் பற்றி ஒரு குறிப்பு இங்கு இன்றியமையாதது. 1964இல் வெனிசு நகரில் வகுக்கப்பட்ட சாசனம், ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்டமைப்புப் பணி நின்றுவிட வேண்டும் என்று வரையறுத்தது. 1979இல் ஆசுதிரேலியாவில் உருவான பர்ரா சாசனம், உள்ளதை உள்ளவாறு காத்தல், பின்னர்ச் சேர்ந்தவற்றை நீக்கி அறியப்பட்ட முன்னிலைக்குக் கொணர்தல், புதுப்பொருள் கொண்டு மீளக் கட்டுதல் என மூன்றையும் வேறுபடுத்தியது. இவற்றை முறையே பேணல், மீட்டமைத்தல், மறுகட்டமைத்தல் எனக் குறிக்கலாம். நம் நாளிதழ்கள் மூன்றையும் ‘புதுப்பித்தல்’ என்னும் ஒரே சொல்லால் சுட்டுகின்றன. சொல் ஒன்றாகும்போது செயலும் ஒன்றாகிவிடுவதைப் பல ஊர்களில் காண்கிறோம். சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமெண்டு பூசிவிட்டு மீட்டமைத்தோம் என்பார் பலர்.

ஸ்டையல் பயிலுநர் இல்லம்

சாமுவேல் கிரெக் என்பவர் 1784இல் பொலின் ஆற்றங்கரையில் குவாரி பேங்க் என்னும் நூற்பாலையை நிறுவினார். ஆற்றுநீர் கொண்டு இயங்கிய ஆலையாதலின் அது நகரத்துக்கு அப்பால் அமைந்தது. அங்கே ஆள் கிடைப்பது அரிதாயிற்று. எனவே, ஏழையர் விடுதிகளில் வளர்ந்த அனாதைச் சிறுவரும் வறியோர் பிள்ளைகளும் தொழில் பயில்வோர் என்னும் பெயரில் கொணரப்பட்டனர். அவரைத் தங்கவைக்க 1790இல் எழுப்பப்பட்டதே பயிலுநர் இல்லம். ஏறத்தாழத் தொண்ணூறு பேர் அங்குத் தங்கினர். அவருள் சிறுமியரே மிகுதி. 1800ஆம் ஆண்டளவில் ஆலையின் உழைப்பாளருள் ஏறத்தாழப் பாதிப்பேர் இவ்வில்லத்துப் பிள்ளைகளே. பிள்ளையை அனுப்பிய பங்கு, சிறுதொகையும் உடையும் கொடுத்து அனுப்பும்; பிள்ளையோ ஒப்பந்த முறியில் பிணைக்கப்படும். ‘பயிலுநர்’ என்னும் சொல் கைவினைஞர் வீட்டில் கலை பயிலும் இளைஞனுக்குரியது. நூற்பாலையில் அறுந்த இழையை இணைப்பதற்குச் சில நாட்பயிற்சியே போதும். பயிற்சி என்பது பெயரளவே. பிணைப்பே பொருள் என்க.

1802இல் பிரித்தானிய நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், பயிலுநர் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணிநேரத்துக்கு மேல் உழைத்தல் ஆகாது என விதித்தது. அச்சட்டம் படுக்கையறைக்குள்ளும் நுழைந்தது. ஆணும் பெண்ணும் வெவ்வேறறையில் உறங்க வேண்டும். ஒரு படுக்கையில் இருவருக்கு மேல் கூடாது. ஆலையையும் ஆலையைச் சார்ந்த அறைகளையும் ஆண்டுக்கு இருமுறையேனும் சுண்ணாம்புநீரால் வெள்ளையடிக்க வேண்டும். ஆண்டுக்கு ஓர் உடை புதிதாகத் தரவேண்டும். கட்டடத்தை மீட்டமைப்போருக்கு இச்சட்டம் ஒரு கருவூலமாகும். சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த வெள்ளைப் படலங்களைச் சிறிது சிறிதாகச் சுரண்டி எண்ணுவது இத்துறையின் அடிப்படைப் பயிற்சி. சட்டம் எத்துணை ஆண்டுகள் கைக்கொள்ளப்பட்டது என்பதற்குச் சுவரே ஓரளவு விடைகூறும்.

1806இல் இவ்வில்லத்திலிருந்து சோசப் செஃப்டன், தாமஸ் பிரீசுட்லி என்னும் இரு சிறுவர் இலண்டனுக்கு ஓடிப்போயினர். நடுவர்முன் அவர் அளித்த வாக்குமூலங்கள் இன்றும் உள்ளன. செஃப்டன் தாங்கள் கண்டதை ஒளிக்காமல் கூறினான்: படுக்கைக்கு இருவர், மாதந்தோறும் வெளுத்த விரிப்பு, தரை அடிக்கடி கழுவப்படும், அறைகள் நாள்தோறும் காற்றாடத் திறக்கப்படும், ஆண்டுக்கு ஒருமுறை வெள்ளையடிக்கப்படும். சட்டம் சொன்னது இருமுறை. சிறுவன் சொன்னது ஒருமுறை. பதின்மூன்று வயதினனான பிரீசுட்லி பொறியில் விரல் ஒன்றை இழந்தவன். தாயைக் காணும் வேட்கையே ஓடியதற்குக் காரணம் என்றான். இவ்வாறு, இல்லத்தை விட்டு ஓடியவர் சொற்களே இன்று அவ்வில்லத்தை மீட்டமைப்பதற்குத் தலையாய சான்றாக நிற்கின்றன. இதனினும் பெரிய முரண் கட்டடக்கலை வரலாற்றில் அரிது.

பிள்ளைகளைப் பார்க்கப் பீட்டர் ஓலண்டு என்னும் மருத்துவர் அமர்த்தப்பட்டிருந்தார். அவர்தம் குறிப்புகளும் எஞ்சியுள்ளன. பயிலுநர் முறை 1847இல் முடிவுற்றது. கிரெக் குடும்பத்தார் 1939இல் சொத்து முழுவதையும் தேசிய அறக்கட்டளைக்கு வழங்கினர். இல்லம் இன்று 1830-களின் நிலையில், வைக்கோல் மெத்தையும் பள்ளியறையும் காய்கறித் தோட்டமுமாகக் காட்டப்படுகிறது. அக்காலத்தைத் தேர்ந்தமைக்குக் காரணம் ஊகிக்கத்தக்கதே. சான்று மிகுதியாக உள்ள காலம் அது. ஆயினும் ஒரு காலத்தைத் தேர்ந்தவுடன் பிறகாலங்கள் மறைகின்றன. 1847க்குப் பின் அவ்வீட்டில் வாழ்ந்தோரின் தடம் இம்முறையில் ‘பின்னர்ச் சேர்ந்தது’ ஆகிவிடுகிறது.

இதனினும் கடிய இடர் ஒன்றுண்டு. தூய்மையான வெள்ளைச் சுவரும், தோட்டத்துப் பூவும், உடையணிந்த வழிகாட்டியும் கூடி, காண்போர் உள்ளத்தில் இனிமையையே விளைவிக்கின்றன. தறியறையின் பேரொலியையும் தொண்ணூறு உடல்களின் நெருக்கத்தையும் மீட்டமைத்தல் இயலாது. மீட்டமைத்தாலும் எவரும் நுழைவுச்சீட்டு வாங்கார். கிரெக் குடும்பத்துக்கு மேற்கிந்தியத் தீவான டொமினிக்காவில் அடிமைகள் உழைத்த தோட்டம் இருந்தது என்பதையும், ஆலைக்கு வந்த பஞ்சு அமெரிக்க அடிமைகள் பறித்தது என்பதையும் வீட்டின் சுவர் தானாகக் கூறாது. அதற்கு எழுத்து வேண்டும். 2020இல் தேசிய அறக்கட்டளை தன் சொத்துகளின் குடியேற்ற, அடிமைமுறைத் தொடர்புகளை அறிக்கையாக வெளியிட்டபோது இங்கிலாந்தில் எழுந்த கூக்குரல், அவ்வெழுத்து எத்துணை இன்றியமையாதது என்பதைக் காட்டிற்று.

ஸ்காத்லாந்தின் நியூ லனார்க் இதற்கு ஒரு துணைச்சான்று. அங்கு டேவிட் டேல் காலத்தில் ஏழைச்சிறுவர் நான்காம் ஆலைக் கட்டடத்திலேயே தங்கினர். இராபர்ட் ஓவன் காலத்தில், 1809இல், அவர்க்கெனத் தனிமனை எழுந்தது. நான்காம் ஆலை 1883இல் எரிந்துபோயிற்று. அது மீளக் கட்டப்படவில்லை. 2001இல் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்ட அவ்வூரில், சிறுவர் முதலில் உறங்கிய இடம் இன்று வெற்றிடமே. அதனை வெற்றிடமாகவே விட்டமை பாராட்டுக்குரியது.

மும்பையில் அத்தகைய மனை ஏன் இல்லை?

காவசுசி நானாபாய் டாவர் 1854இல் நிறுவிய ஆலை 1856இல் தார்தேவில் இயங்கத் தொடங்கியது. அதன்பின் பரேல், லால்பாக், வொர்லி, சிவ்ரி எனப் பரந்த பகுதி மராத்தியில் ‘கிரண்காவ்’ எனப் பெயர் பெற்றது. ‘ஆலையூர்’ என அதனைத் தமிழாக்கலாம். இவ்வாலைகளில் தொடக்கமுதலே சிறுவர் இருந்தனர். வளையக் கதிர்ப்பொறியில் நூல் நிறைந்த பாபின்களைக் கழற்றி வெற்றுப் பாபின்களை மாட்டுவது அவர்தம் முதன்மைப் பணி. கை சிறிதாகவும் கால் விரைவாகவும் இருத்தல் அப்பணிக்கு வேண்டுவது.

1875இல் பம்பாய் அரசு ஓர் ஆணையம் அமைத்தது. சொராப்ஜி சாபுர்ஜி பெங்காலி சட்டம் வேண்டி எழுதினார். லங்காசயர் ஆலைமுதலாளிகளும் அதையே வேண்டினர். அவர்தம் இரக்கத்தின் ஊற்று பம்பாய்த் துணியின் போட்டியே என்று இந்திய இதழ்கள் ஐயுற்றன, ஐயம் பொய்யன்று. ஆயினும் இரக்கம் எங்கிருந்து வரினும் சிறுவனுக்கு அது ஒரு மணிநேர ஓய்வே. 1881ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வயதுக்குட்பட்டோரை விலக்கியது. ஏழு முதல் பன்னிரண்டு வயதுவரை உள்ளோர்க்கு நாளொன்றுக்கு ஒன்பது மணிநேரம் என வரையறுத்தது. 1891இல் கீழெல்லை ஒன்பது வயதாயிற்று. பதினான்குக்குட்பட்டோர்க்கு ஏழு மணிநேரம் விதிக்கப்பட்டது. 1911இல் நெசவாலைச் சிறார்க்கு ஆறு மணிநேரம். 1922இல் கீழெல்லை பன்னிரண்டு. 1934இல் ஐந்து மணிநேரம். 1948இல் கீழெல்லை பதினான்கு. இவ்வாறு அரைநாள் மட்டும் உழைத்தவர் ‘அரைநேரச் சிறுவர்’ எனப்பட்டனர். ஒரே சிறுவன் இருபெயரில் இரு சான்றிதழ் பெற்று இரண்டு ஆலைகளில் உழைத்த வழக்கு அகமதாபாத்தில் பெருகியதால், அதனைத் தடுக்கவும் பின்னர்ச் சட்டம் திருத்தப்பட்டது.

இச்சட்டங்களுள் ஒன்றேனும் சிறுவன் எங்கே உறங்கினான் என்று வினவவில்லை. காரணம் எளிது. ஸ்டையலில் படுக்கை முதலாளியுடையது. ஆதலின் சட்டம் படுக்கையை நோக்கிற்று. பம்பாயிலோ சிறுவன் தந்தையுடனோ மாமனுடனோ ஊராருடனோ இரத்தினகிரியிலிருந்து வந்தவன். அவனுக்கு உறையுள் தரும் பொறுப்பு முதலாளியைச் சாரவில்லை; உறவே அவனைச் சுமந்தது. உறவு முறி எழுதுவதில்லை, கணக்கும் வைப்பதில்லை. எனவேதான் மும்பையில் ‘ஆலைச் சிறார் இல்லம்’ என்று சுட்டத்தக்க கட்டடமும் இல்லை, ஆவணமும் இல்லை.

பிணைப்புச் சட்டம் இந்தியாவுக்கு வராமல் இல்லை. 1850ஆம் ஆண்டின் பயிலுநர் சட்டம், அறநிலையங்களில் வளர்ந்த பத்து முதல் பதினெட்டு வயதுவரை உள்ள பிள்ளைகளைத் தொழிலில் பிணைக்க வழிசெய்தது. பம்பாயில் டேவிட் சசூன் பெயரால் அமைந்த தொழிற்பள்ளியும் அக்காலத்ததே; பிற்காலத்தில் அது தாராவியை அடுத்த மாகிமில் இயங்கியது. 1924ஆம் ஆண்டின் பம்பாய்ச் சிறுவர் சட்டத்தை ஒட்டி 1927இல் தோன்றிய சிறுவர் உதவிக் கழகம், டோங்கிரியில் பழைய உமர்காடிச் சிறைக் கட்டடத்திலும், செம்பூரை அடுத்த மான்கூர்டிலும் இல்லங்களை நடத்தியது. இவை ஆலையின் உறுப்புகள் அல்ல. ஆலையும் தெருவும் கைவிட்ட பிள்ளைகள் சென்று சேர்ந்த இடங்கள். ஒரு சிறையே சிறுவர் இல்லமானமை கட்டட வரலாற்று நோக்கில் தனியே ஆராயத்தக்கது.

சால் என்னும் சான்று

ஆலைச் சிறுவன் உறைந்த இடம் சால். மராத்திச் ‘சாள்’ மும்பைத் தமிழர் நாவில் ‘சால்’ ஆயிற்று. அறையைக் குறிக்கும் ‘கோலி’யும் அவ்வாறே வழக்கில் கலந்தது. நீண்ட தாழ்வாரம், அதனை ஒட்டி வரிசையாக ஓரறை வீடுகள், கோடியில் பொதுக் கழிப்பிடம் என்பது அதன் அமைப்பு. ஓர் அறையில் பலர் முறைமாற்றி உறங்கினர். ஒருவன் பாயிலிருந்து எழுந்து ஆலைக்குச் செல்ல, ஆலையிலிருந்து வந்தவன் அப்பாயிலேயே படுத்தான். பெண்கள் நடத்திய ‘கானாவள்’ என்னும் உணவகங்கள் சோறிட்டன. சிறுவர்க்குக் கிடைத்தது தாழ்வாரம், படிக்கட்டின் திருப்பம், அறைக்குள் கட்டிய பரண் ஆகியவையே.

1896இல் கொள்ளைநோய் பரவியதை அடுத்து 1898இல் நகர மேம்பாட்டு அறக்கட்டளை தோன்றியது. தாதர், மாட்டுங்காப் பகுதிகள் அதன் திட்டத்தால் அகன்ற தெருவும் பூங்காவுமாக அமைந்தன. 1920இல் ஆளுநர் சார்ச் லாயிடு காலத்தில் தொடங்கிய பம்பாய் வளர்ச்சித்துறை, வொர்லியில் 121, நைகாவில் 42, டிலைல் சாலையில் 32, சிவ்ரியில் 12 என 207 கட்டடங்களை எழுப்பியது. இவையே ‘பி.டி.டி. சால்கள்’. அறையொன்று ஏறத்தாழ 160 சதுர அடி. கற்காரையாலான இவ்வறைகளில் காற்றும் வெளிச்சமும் குறைவாக இருந்தமையால் தொடக்கத்தில் குடிவருவார் இலர். 1930-களில் விடுதலைப் போராட்ட வீரர்களை அடைத்துவைக்க வொர்லிக் கட்டடங்கள் பயன்பட்டன என்பது அவற்றின் அமைப்பைப் பற்றிய கடுந்திறனாய்வு எனலாம்.

தனியார் கட்டிய பழஞ்சால்களின் கட்டுமானம் வேறு. பர்மாத் தேக்குத் தூண்களும் உத்தரங்களும் சட்டமாக நிற்க, இடையே செங்கல் நிரப்பிச் சுண்ணாம்புச் சாந்து பூசப்பட்டிருக்கும். கூரை மங்களூர் ஓடு. இக்கட்டடம் பெரும்பாலும் ‘மோரி’யிலிருந்தே அழியத் தொடங்குகிறது. அறையின் மூலையில் குளிக்கவும் கலம் கழுவவும் அமைந்த சிறுபள்ளமே மோரி. அங்கிருந்து கசியும் நீர் உத்தரத்தின் முனையை அடைகிறது. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை உறிஞ்சிக் காற்றில் விட்டுவிடும். மேலே சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி மரம் உளுத்துப்போகும். வெளியே சுவர் திண்மையாகத் தோன்ற, உள்ளே உத்தரம் பொடியாகி நிற்கும். 1947இல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியிருப்போரைக் காத்தது. உரிமையாளரைப் பழுதுபார்ப்பதிலிருந்து விலக்கியது. அந்தப் பணியை ஏற்க 1969ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒரு வாரியம் அமைக்கப்பட்டது. வாரியம் கைக்கொண்ட வழி பெரும்பாலும் இரும்பு முட்டும் சிமெண்டுப் பூச்சுமே.

1982 சனவரி 18 அன்று தொடங்கிய ஆலை வேலைநிறுத்தத்துக்குப் பின் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்தன. 1991, 2001 ஆகிய ஆண்டுகளின் விதிமாற்றங்களும் 2006இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் ஆலைநிலங்களை வணிக மாளிகைகளுக்குத் திறந்துவிட்டன. 1995இல் வெளிவந்த மரபுச்சின்ன விதிகள் பல கட்டடங்களைக் காத்தன. பைகுல்லாவின் பாவு தாசி லாடு அருங்காட்சியகம் உரிய முறையில் மீட்டமைக்கப்பட்டு 2005இல் யுனெசுகோ விருதும் பெற்றது. அதே ஊரில் உழைப்பாளர் அறையொன்றை அவ்வாறு மீட்டமைத்தார் உண்டா என வினவின், விடை தருவது கடினம்.

பி.டி.டி. சால்களின் மறுசீரமைப்பு 2017இல் அடிக்கல் நாட்டப்பெற்று நடைபெறுகிறது. 160 சதுர அடிக்கு ஈடாக 500 சதுர அடி வீடு. 2025 ஆகத்தில் வொர்லியில் முதற்கட்டமாக 556 குடும்பங்கள் புதுவீட்டுத் திறவுகோல் பெற்றன. மூன்று தலைமுறை பொதுக் கழிப்பிடத்தின்முன் வரிசையில் நின்றவரை நோக்கி, வரலாற்றுக்காக இன்னும் சிறிது காலம் நில்லுங்கள் என்று கூற எந்த ஆய்வாளருக்கும் உரிமை இல்லை. சால்கள் யாவும் அப்படியே நிற்க வேண்டும் என்போர் பெரும்பாலும் சாலில் வாழாதவரே. ஆனால் கட்டடத்தை இடிப்பதும் அதன் சான்றை அழிப்பதும் வேறுவேறு செயல்கள். இடிக்கும் முன்னர் ஓர் அறையையேனும் அளந்து வரையலாம். சுவரின் வெள்ளைப் படலங்களை வெட்டி எடுத்து வைக்கலாம். பரண் எந்த உயரத்தில் கட்டப்பட்டது, தாழ்வாரத்தில் பாய் விரிக்கும் உரிமை யார்க்கு இருந்தது என்பவற்றை முதியோரிடம் கேட்டு எழுதலாம். மீனா மேனனும் நீரா அடார்க்கரும் நூறு குரல்களைத் தொகுத்து 2004இல் வெளியிட்ட ஆலைத்தொழிலாளர் வரலாறு இதற்கு வழிகாட்டி. அரைநேரச் சிறுவராக இருந்தவருள் இன்று உயிருடன் இருப்போர் மிகச் சிலரே இருக்கக்கூடும். அவர் சொல்லக் கேட்ட மக்களும் பேரரும் உள்ளனர்.

சென்னையின் நிலையும் இதனின் வேறன்று. பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் அரைநேரச் சிறுவர்க்கெனப் பள்ளி நடத்தின. ஆலை 1996இல் மூடப்பட்டது. அதன் நிலத்தில் அடுக்ககங்கள் எழுந்தன. 1921ஆம் ஆண்டு வேலைநிறுத்தம் தொழிற்சங்க வரலாற்றில் இடம்பெற்ற அளவுக்கு, அப்பள்ளிப் பிள்ளைகள் இடம்பெறவில்லை.

தாராவித் தமிழர் தடம்

மும்பைத் தமிழருள் ஆலைக்குச் சென்றவரினும் தோல் பதனிடும் பட்டறை, இரயில் பணிமனை, துறைமுகம் ஆகியவற்றை நாடியவரே மிகுதி எனத் தோன்றுகிறது. மாட்டுங்காத் தமிழர்தம் வரலாறு நிலைத்த கட்டடங்களில் நிற்கிறது. 1932இல் தோன்றிய தென்னிந்தியக் கல்விக் கழகம் அதற்குச் சான்று. நெல்லைச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்தோரின் வரலாற்றுக்கு அத்தகைய சுவர் இல்லை. தாராவியில் பட்டறையும் உறைவிடமும் ஒன்றே. கீழே தொழில், மேலே மச்சில் உறக்கம். 2005இல் மும்பையின் சரிகைப் பட்டறைகளிலிருந்து மீட்கப்பட்ட வடமாநிலச் சிறுவரும் உழைத்த இடத்திலேயே உறங்கியவரே. ஸ்டையலின் படுக்கையறை இருநூறு ஆண்டு கழித்துத் தகரக் கூரையின்கீழ் மீண்டும் தோன்றியது. இம்முறை அதற்குச் சட்டம் விதித்த வெள்ளைப் பூச்சும் இல்லை.

தாராவி மறுசீரமைப்புக்கு 2022இல் ஒப்பந்தப்புள்ளி முடிவாயிற்று. மச்சுகள் போனபின் அவற்றை மீட்டமைக்க எவராலும் இயலாது. தகரத்துக்கும் பலகைக்கும் சாசனம் எதுவும் துணைநில்லாது. எனவே இங்குத் தேட வேண்டிய சான்று தாளில் உள்ளது. 1890, 1908 ஆகிய ஆண்டுகளின் ஆணையங்கள்முன் உழைப்பாளர் கூறியவை ஆங்கிலத்தில் பதிவாகி, மகாராட்டிர மாநில ஆவணக் காப்பகத்திலும் பிற நூலகங்களிலும் படிக்கக் கிடைக்கின்றன. தமிழாய்வாளர்க்கு இவற்றினும் அண்மையது மாநகராட்சித் தமிழ்ப்பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடு. பிள்ளையின் பெயர், தந்தையின் தொழில், பள்ளியில் சேர்ந்த நாள், நீங்கிய நாள், நீங்கியதற்குக் காரணம் ஆகியவற்றை எழுதுவது அத்தகைய ஏட்டின் வழக்கம். தமிழ்வழி வகுப்புகள் குறைந்து பள்ளிகள் இணைக்கப்படுகையில் முதலில் கட்டிப் பரணில் போடப்படுவது இவ்வேடுகளே. பத்து வயதில் பள்ளி நீங்கிய பிள்ளைகளின் வரிசையை ஆண்டுவாரியாக எடுத்தெழுதி, அவர்தம் முகவரித் தெருக்களைத் தாராவியின் பழைய வரைபடத்தில் குறிப்பது ஒரு பட்ட ஆய்வேட்டுக்குப் போதிய பணியாகும்.